நடு ஹாலில் கேட்காத வூஃபர்

மே 17, ஞாயிறு

ஹாலில் மூன்று அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. ஒன்றில் ஐந்து ஸ்பீக்கர்கள், ஒன்றில் அவற்றுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவர், மூன்றாவதில் அதிரும் அடிச்சத்தத்துக்கான வூஃபர். வூஃபரை உள்ளே கொண்டுவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

எல்லாம் பெருந்துறையில் நடந்த ஒரு கிரகப்பிரவேசத்தால் வந்த வினை. மாமா போன வாரம் அங்கே போனார். அந்த வீட்டு ஹோம் தியேட்டரில் ஏதோ சண்டைப் படம் ஓடியிருக்கிறது. வெடி வெடித்தபோது அதிர்வு அவர் நெஞ்சில் வந்து அடித்ததாம். அன்றிலிருந்து அதே பேச்சு. கடைக்காரர் ஆள் அனுப்பி மாட்டித் தருகிறோம் என்றதற்கு, எங்கள் மாப்பிள்ளையே எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர், எதற்கு ஆள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த இன்ஜினியர், அதாவது நான், கடைசியாக ஒரு சர்க்யூட் போர்டைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. இப்போது அவன் கோபிசெட்டிபாளையத்தில் மாமனாரின் கல்யாண மண்டபத்தில் தேதி குறிக்கிறான், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றச் சொல்கிறான், மணமேடையில் மைக் கீச்சிட்டால் ஓடுகிறான்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என் மனைவி யமுனாவுக்கு ஓசூரிலிருந்து ஆர்டர் வந்தது. மருந்துக் கம்பெனி, லேபில் வேலை. ஜூன் பதினைந்து திங்கட்கிழமை சேர வேண்டும். எம்.எஸ்.சி. படித்துவிட்டு அம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தவள், அன்று இரவு அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள். இரண்டு பேருமாகப் போய்விடுவது என்று முடிவு.

மாமாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். யமுனா சொன்னால், ‘மாப்ள என்ன சொல்றீங்க?’ என்று என் பக்கம் திரும்புவார். இந்த வீட்டில் பெண்கள் சொல்வதெல்லாம் மாப்பிள்ளை வாய் வழியாக வந்தால்தான் செல்லும். வூஃபரை மாட்டிக் கொடுத்துவிட்டு, மனிதர் சந்தோஷமாக இருக்கும்போது சொல்கிறேன் என்றேன். யமுனா சரி என்றாள்.

மே 18, திங்கள்

ஐந்து ஸ்பீக்கரும் பாடுகின்றன. வூஃபர் மட்டும் மௌன விரதம். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை.

மாமா தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியைப் பற்றி எழுத வேண்டும். தேக்கு, அகலக் கைப்பிடி, வெல்வெட் மெத்தை. ஹாலின் நட்ட நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே. வீடு கட்டும்போது ஹால் சரியான சதுரமாக இருக்க வேண்டும் என்று மாமா நின்று அளந்தாராம். நடுவில் நாற்காலி. மற்றவர்களுக்கு சுவரோரம் சோபா. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாரும் உட்காரக் கூடாது என்று அவர் சொல்லியும் கேட்டதில்லை.

மே 19, செவ்வாய்

சிவப்பு விளக்கு.

மே 20, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு தப்பு. வூஃபரின் பின்னால் ஆட்டோ என்றிருந்த பொத்தானை ஆன் பக்கம் தள்ள வேண்டியிருந்தது. அது கூடப் பரவாயில்லை. ரிசீவர் மெனுவில் முன் ஸ்பீக்கர்களை ‘பெரியது’ என்று போட்டு வைத்திருந்தேன். பெரிய ஸ்பீக்கர் என்றால் அடித்தொண்டைச் சத்தத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று ரிசீவர் நினைத்து, வூஃபருக்கு எதையும் அனுப்புவதில்லை. ‘சிறியது’ என்று மாற்றினேன். விளக்கு பச்சையானது.

படத்தைப் போட்டேன். யானை நடந்து வருவது போல ஒரு சத்தம். சமையலறையில் தட்டுகள் அலமாரியில் நடுங்கின. எங்கள் அறை பீரோவின் கண்ணாடி கிர்ரென்றது. நான் வெற்றி வீரனாக மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“கோவிச்சுக்காதீங்க மாப்ள. ஒண்ணுமே தெரியலீங்க” என்றார்.

அத்தை கையில் கரண்டியோடு வெளியே வந்து, என்ன இப்படி இடி இடிக்கிறது என்று கேட்டார். பிறகு மாமாவின் முகத்தைக் கவனித்தார். “கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஓசூர் விஷயத்தைச் சொல்ல இது நேரமில்லை என்று தோன்றியது.

மே 22, வெள்ளி

ரிசீவரோடு ஒரு குட்டி மைக் வந்திருக்கிறது. கேட்பவர் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வைத்துவிட்டால் ரிசீவர் தானாகவே ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் கொடுத்து அளந்து சரிசெய்துகொள்ளும். பத்து நிமிட வேலை.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது. காத்திருந்தேன். பேப்பர் முடிந்தது. போன் வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் மைக்கை சோபாவில் நான்கு தலையணைகளை அடுக்கி அதன் மேல் வைத்தேன். ரிசீவர் ரொம்பச் சமர்த்தாக அளந்து, எல்லாம் சரி என்று எழுத்துக் காட்டியது. இப்போது இந்த வீட்டின் ஹோம் தியேட்டர் நான்கு தலையணைகளுக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது.

மே 24, ஞாயிறு

மத்தியானம் கோழிக் குழம்பு. அத்தை எனக்கு மட்டும் ஈரலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். மாமா, “மாப்ளைக்கு இன்னும் ரெண்டு வைங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். மூன்று வருடத்தில் அவர் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஒருமையில் அழைத்ததில்லை. மண்டபத்துக்குப் போங்கள் என்று உத்தரவிட்டதே இல்லை. ‘முடிஞ்சா ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க மாப்ள’ என்பார். முடியாது என்று சொல்ல ஒரு சந்து கூட இல்லாத பேச்சு.

ஈரோட்டில் என் செல்போன் கடையை மூடியபோது, வேறு ஏதாவது அமையும் வரைக்கும் இங்கே இருங்கள் என்றார். தாராபுரத்தில் என் அண்ணன் குடும்பத்தோடு போய் நெருக்கியடித்துக்கொண்டிருக்க யமுனாவுக்கு இஷ்டமில்லை. எனக்கும்தான். ஒரு மாதம் என்று வந்தோம். மனிதர்கள் கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். இவர்களிடம் என்ன சொல்லிக்கொண்டு கிளம்புவது. கையில் தட்டு இருக்கிறது, தட்டில் ஈரல் இருக்கிறது. மூச்சு முட்டுகிறது.

சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டே, வைகாசி முகூர்த்தமெல்லாம் உங்களை நம்பித்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்றார். வூஃபரில் ஒலி அலையைத் திருப்பிப் போடும் ஃபேஸ் பொத்தானை மாற்றிப் பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டேன். மாற்றிப் பார்த்தேன். மாமாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மே 27, புதன்

இன்று ஒரு வேடிக்கை. கேபிள் டிவி பெட்டியையும் ரிசீவரில் இணைத்தேன். உடனே வூஃபர் ஊம்ம்ம் என்று ஒரே சுருதியில் முனக ஆரம்பித்தது. இது கோளாறு. கேபிள் ஒயர் வழியாக வரும் கரண்ட் இரைச்சல். நான் பதறிக்கொண்டிருக்க, மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இப்பக் கேக்குதுங்க மாப்ள!”

அது படத்தின் சத்தமில்லை, கோளாறு என்று விளக்கினேன். கேபிளைப் பிடுங்கினேன். முனகல் நின்றது. மாமா முகம் விழுந்துவிட்டது. நன்றாகத்தானே இருந்தது, அதையே விட்டிருக்கலாமே என்றார். மூன்று வருடத்தில் நான் அவருக்குச் செய்து கொடுத்த ஒரே நல்ல காரியத்தை நானே பிடுங்கிப் போட்டது போலாயிற்று.

யமுனா அறையில், “நாள் எண்ணிட்டிருக்கேன் லோகு” என்றாள். பத்தொன்பது நாள் இருக்கிறதே என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

ஜூன் 1, திங்கள்

ஈரோட்டிலிருந்து கம்பெனி டெக்னீஷியன் வந்தார். பெயர் ரசாக், நாற்பது வயதிருக்கும். பேசாமல் வேலை செய்கிறவர். ஒயரை இழுத்துப் பார்த்தார், மெனுவைப் பார்த்தார், சோபாவில் உட்கார்ந்து கேட்டார், சமையலறை வாசலில் நின்று கேட்டார். பிறகு தண்ணீர் வேண்டும் என்று என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

“சார், மெஷின்ல ஒரு குறையும் இல்ல. ஹால் சதுரமா இருக்குது பாருங்க, சத்தம் நாலு செவுத்துலயும் மோதித் திரும்பி வந்து, நட்ட நடுவுல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு காணாமப் போயிருது. வீடு பூராக் கேக்கும், அந்தச் சேர்ல மட்டும் கேக்காது. சேரை நாலடி பின்னால தள்ளுங்க, முடிஞ்சுது. நீங்க அதுல உக்காந்து கேட்டுப் பாத்தீங்களா?”

இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சேரை நகர்த்த முடியாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறதாம். வூஃபரைத் தூக்கி அந்தச் சேர் மேல் வைத்துவிட்டு, படத்தைப் போட்டு, நான் சுவரோரமாகத் தரையில் தவழ்ந்துகொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் அதிர்வு நன்றாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் வூஃபரை வைத்தால் சேரிலும் கேட்குமாம். எல்லா ஊரிலும் அப்படித்தான் இடம் பார்ப்பார்களாம். மாமாவின் நாற்காலியில் ஒரு கறுப்புப் பெட்டியை உட்கார வைத்துவிட்டு அவர் முன்னால் நான் தவழ்வதை நினைத்துப் பார்த்தேன். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்களேன் என்றேன். வீட்டு ஆள் சொல்வதுதான் சார் மரியாதை என்று நழுவிவிட்டார்.

உள்ளே போனதும் மாமா, என்னங்க, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். ரசாக்கும் என்னைப் பார்த்தார்.

“வூஃபரையே மாத்தித் தர்றாங்களாமுங்க மாமா” என்றேன்.

ரசாக் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, ஒரு படிவத்தில் எழுதினார்.

ஜூன் 3, புதன்

யமுனாவிடம் ரசாக் சொன்னதைச் சொன்னேன். சிரிக்கத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“சேரை நாலடி தள்ளிப் போட்டுக்கோங்கன்னு சொல்ல உன்னால முடியல. ஊரை விட்டுப் போறோம்னு நீ எப்படிச் சொல்லுவ?”

அதுவும் இதுவும் ஒன்றா என்றேன். ஒன்றுதான் என்றாள். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “நெஜமாச் சொல்லு. உனக்கு வரோணும்னு இருக்குதா?”

என்ன கேள்வி இது. மூன்று வருடமாக இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பவன் நான்தானே. வராமல் என்ன செய்வேன். ஓசூரில் முதலில் எனக்கு வேலை இருக்காது, அது உண்மை. அவள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். நான் வீட்டில் இருப்பேன். பக்கத்து வீட்டில் சார் என்ன பண்றீங்க என்று கேட்பார்கள். இங்கே மண்டபத்தில் வாட்ச்மேன் முதல் சமையல் மாஸ்டர் வரை எழுந்து நிற்கிறார்கள். அதையெல்லாம் நான் பெரிதாக நினைப்பவனில்லை. அது வேறு விஷயம். அதற்கும் மாமாவிடம் சொல்லாததற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 6, சனி

புது வூஃபர் வந்தது. பழையது இருந்த இடத்திலேயே வைத்து மாட்டினேன். தட்டுகள் நடுங்கின, பீரோ கிர்ரென்றது. மாமா காதை ஒரு பக்கமாகச் சாய்த்து நெடுநேரம் கேட்டார். பாவமாக இருந்தது.

“எனக்குத்தான் காது மந்தமாயிருச்சோ என்னவோ, மாப்ள” என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லீங்க மாமா, உங்கள் காதில் ஒன்றுமில்லை, சேரைக் கொஞ்சம் தள்ளுங்கள். ஒரே வரி. அறுபத்தெட்டு வயது மனிதர் தன் காதைச் சந்தேகப்படுகிறார், நான் ரிமோட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

சொல்லவில்லை.

ஜூன் 10, புதன்

யமுனா பை வாங்கி வந்தாள். சக்கரம் வைத்தது, நீலம். என்ன இது என்று அத்தை கேட்டதற்கு, தேவைப்படும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் ஓசூருக்கு இரண்டு சீட் போட்டிருக்கிறாள். என் சட்டைகளை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். நானே எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

மண்டபத்தில் கல்யாணம். மாமாவும் அத்தையும் யமுனாவும் முகூர்த்தத்துக்கு அங்கேயே இருந்தார்கள். நான் பத்து மணிக்கு, வீட்டில் ஸ்பேர் ஒயர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். ரசாக் சொன்ன தவழும் வழியை ஆள் இல்லாதபோது முடித்துவிடுவது என்று திட்டம். நல்ல இடமாகப் பார்த்து வூஃபரை வைத்துவிட்டால், சேரை நகர்த்தும் பேச்சே வேண்டாம். மாமா குளிர்ந்துபோவார், அந்தச் சூட்டோடு ஓசூரைச் சொல்லிவிடலாம்.

வூஃபரை ஒற்றை ஆளாக முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. இரண்டு முறை முயன்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. சரி, ரசாக் சொல்வது உண்மைதானா என்றாவது பார்ப்போம் என்று படத்தைப் போட்டுவிட்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன். பிறகு சாய்ந்தேன்.

உண்மைதான். வசனம் கேட்கிறது, கண்ணாடி உடைவது கேட்கிறது. அடியில் ஒன்றுமில்லை. சமையலறை அலமாரியில் தட்டுகள் நடுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, எனக்கு எதுவும் வரவில்லை. மாமா பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. மெத்தை வேறு அவ்வளவு சுகமாக இருந்தது. கண்ணை மூடினேன்.

திறந்தபோது மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு வந்திருக்கிறார். நான் துள்ளி எழுந்தேன். அவர் வேகமாக வந்து என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

“உக்காருங்க மாப்ள. எந்திரிக்கப்படாது. உக்காருங்க.”

அவர் போய் சோபாவில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் படத்தில் ஒரு பாலம் வெடித்தது. மாமா கை தானாகப் போய் நெஞ்சைத் தொட்டது. அப்படியே என்னைப் பார்த்தார்.

“அடிக்குதுங்க மாப்ள. நெஞ்சுல அடிக்குது.” அவர் கண் கலங்கிவிட்டது. “மூணு வருசமாப் பாக்கறேன், இந்தச் சேர் பக்கம் வந்தாலே ஒதுங்கி ஒதுங்கிப் போவீங்க. நாமளா உக்காரச் சொன்னா நல்லா இருக்காது, அவரா ஒரு நாளைக்கு வந்து உக்காரட்டும்னுதான் இருந்தேனுங்க. எனக்கு இருக்கறது ஒரே புள்ளை. எனக்கப்பறம் யாரு பாப்பாங்க, சொல்லுங்க.”

இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“சத்தம் இன்னும் கொஞ்சம் கூட்டட்டுங்களா மாமா?” என்று வந்தது.

ஜூன் 13, சனி

மாமா எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை பொறுப்பெடுத்துக்கொண்டார், இனி நான் ஓய்வு. பெருந்துறை நண்பரிடம், எங்கள் வீட்டு வூஃபர் உங்களுடையதைவிட ஒரு படி மேல் என்றார். அத்தை எனக்கு நாற்காலியிலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார். மண்டபத்து அலுவலகச் சாவிக் கொத்து முழுவதும் இப்போது என் சட்டைப்பையில். நடந்தால் சத்தம் வருகிறது.

யமுனா ஹாலைக் கடந்து போகும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் போனாள். அறையில், “சொல்லிட்டியா?” என்றாள். அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படி, நாளைக் காலையில் சொல்கிறேன் என்றேன்.

“சந்தோசமா இருக்கறப்பச் சொல்றேன்னுதான வூஃபரை மாட்ட ஆரம்பிச்ச” என்றாள்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரை மணி. நான் நாற்காலியில், மாமா சோபாவில், அத்தை கீழே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. யமுனா நீலப் பையை உருட்டிக்கொண்டு வந்து அப்பா முன்னால் நின்றாள். வேலை கிடைத்திருக்கிறது, நாளைக்கு ஓசூரில் சேர வேண்டும், பதினோரு மணிக்கு பஸ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். குரல் நடுங்கவே இல்லை. நான் ஒரு மாதமாகத் தூக்க முடியாமல் வைத்திருந்ததை அவள் ஒரு நிமிடத்தில் இறக்கி வைத்தாள்.

மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“மாப்ள என்ன சொல்றீங்க?”

அத்தை என்னைப் பார்த்தார். யமுனாவும் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை. இவன் சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கைதான் இன்னும் இருந்தது.

“அவ ஆசைப்படறாளுங்க. போகட்டுங்க மாமா” என்றேன்.

சொன்ன நிமிடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் வேண்டாம் என்பார், நான் வாதாடுவேன் என்றெல்லாம் நினைத்தேன். மாமா கொஞ்சம் யோசித்தார்.

“மாப்ள சொன்னாச் சரிங்க” என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். “போய்ட்டு வா சாமி. மாப்ளையப் பத்திக் கவலைப்படாத. நாங்க பாத்துக்கறோம்.”

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது. போகட்டும் என்றுதான் சொன்னேன். போகிறோம் என்று சொல்லவில்லை. இப்போதாவது திருத்தலாம் என்று யமுனா காத்திருந்தாள். நன்றாகவே காத்திருந்தாள். அத்தை மூன்று பூண்டு உரித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு பையின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் பைக்கில் கொண்டுபோனேன். அவள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பக்கத்துச் சீட்டில் பையை வைத்தாள். கண்டக்டர் இரண்டு சீட்டு இருக்கிறதே, இன்னொருவர் எங்கே என்று கேட்டார். ஆள் வரவில்லை என்றாள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

பஸ் கிளம்பப் பத்து நிமிடம் ஆனது. ஏறியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. மாற்றுத் துணி இல்லையே என்று நினைத்தேன். பைக் சாவியை யாரிடம் கொடுப்பது என்று நினைத்தேன்.

ஜூன் 15, திங்கள்

இன்று சேர்ந்திருப்பாள். மத்தியானம் வரை போன் வரவில்லை. நானும் போடவில்லை, வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்று.

மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். ஜெனரேட்டர் மக்கர் பண்ணியது.

ஜூன் 17, புதன்

சாயங்காலம் ஆறு மணிக்கு யமுனா கூப்பிட்டாள். லேபில் அவளோடு சேர்த்து நான்கு பெண்களாம். வேலை பிடித்திருக்கிறதாம். ஹாஸ்டலில் இருக்க முடியாது, கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்திருக்கிறாளாம். எனக்கு ஆவலாகத்தான் இருந்தது. எத்தனை ரூம், தண்ணீர் எப்படி என்றெல்லாம் கேட்டேன்.

“வீட்டுக்காரம்மா எத்தனை பேருன்னு கேட்டாங்க. நான் ஒருத்திதான்னு சொல்லிட்டேன்” என்றாள். “நாளைக்கு அக்ரிமென்ட் எழுதறாங்களாம். அதை மாத்தோணுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

நான் நாற்காலியில் இருந்தேன். மாமா சோபாவில் இருந்து, யமுனாவா, என்னவாம் என்று சைகையில் கேட்டார். அத்தை எனக்குப் பிடிக்கும் என்று இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிந்துகொண்டிருந்தார். ‘மாத்து, ரெண்டு பேருன்னு சொல்லு.’ அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும். இதை எழுதும்போது கூட எவ்வளவு சுலபமாக வருகிறது.

“இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கட்டாகவில்லை. இனி என்னிடம் இதைக் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“சாப்பிட்டியா லோகு?”

“இன்னும் இல்ல. சந்தகை.”

“நல்லாச் சாப்பிடு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அழுகை வந்துவிட்டது. திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று போனில் அவள் பெயரை எடுத்து வைத்தேன். மாமா, எல்லாம் நல்லபடிதானே என்று கேட்டார். நல்லபடிதானுங்க என்றேன். அப்படியானால் படத்தைப் போடுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் எச்சாகவே வையுங்கள் என்றார். போனைக் கைப்பிடியில் வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தேன். மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூட்டினேன்.